ஜெபக் குறிப்பு

வட்டவளை
மார்ச் 14, வெள்ளிக்கிழமை

என் அன்பு மகள் லோஜினிக்கு அம்மா எழுதுவது,

ஆண்டவர் கிருபையால் நாங்கள் இங்கே சுகம், என் முழங்கால் மட்டும் அந்தக் கிருபைக்குள் இன்னும் வந்து சேரவில்லை. நீ அங்கே சுகமாக இருக்கிறாயா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, ஏசிக்குள் உட்கார்ந்து இருமலை வாங்கிக்கொள்ளாதே. வாரம் தவறாமல் போனில் பேசுகிற அம்மா எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தாள் என்று பயப்படாதே, யாரும் சாகவில்லை. போனில் சொன்னால் பாதியில் நான் அழுவேன், இல்லாவிட்டால் நீ கட் பண்ணுவாய், இரண்டும் நடக்காவிட்டால் சிக்னல் போய்விடும். கடிதத்தைக் கட் பண்ண முடியாது. கிழிக்கலாம், ஆனால் கிழிக்கிறவளும் படித்துவிட்டுத்தான் கிழிப்பாள். கீழ் லயத்து வரிசை வீட்டுக் கிஷாந்த் நாளைக்கு ஷார்ஜாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதையும் தேயிலைத் தூளையும் கொடுத்துவிடுகிறேன்.

உன் அப்பாவுக்குச் சுகர் குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. லீக்ஸ் பாத்தியைக் காட்டுப்பன்றி தின்கிறது என்று விடியற்காலையிலேயே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் முன்பக்கம் காவல் இருந்தார். பன்றி பின்பக்க வேலியால் வந்து ஒரு பாத்தியை முழுசாகத் தின்றுவிட்டுப் போனது, அவர் நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். சிரித்தேன். ஆனால் சிரிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை, ஏன் என்று இனிமேல்தான் எழுதப்போகிறேன்.

ஒரு மாதமாகப் பாஸ்டர் ஒரே பிரசங்கம்தான், வேறு எதைக் காத்தாலும் காக்காவிட்டாலும் மனதைக் காத்துக்கொள்ளுங்கள் என்று. நானும் பக்கத்து வீட்டுச் சிவகாமசுந்தரியின் முதுகைப் பார்த்தபடி எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் போட்டேன். என் மனதை நான் காத்த மாதிரி யாரும் காத்திருக்க முடியாது, இந்த மூன்று வருஷத்தில் அவளுக்கு அதில் ஒரு ஸ்டூல்கூடப் போட்டதில்லை. ஆராதனையில் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கிற நேரம் வந்தால் மூக்குக் கண்ணாடியைத் தேடத் தொடங்குவேன், பாட்டு ஆரம்பித்த பிறகுதான் அது கிடைக்கும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர், அவள் அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் உன் அப்பா நூறு வயசு என்பார், நான் அவரை முறைப்பேன்.

காரணம் உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உனக்குத் தெரிந்தது சரியில்லை. கொட்டகலை பஸாரில் ஆணியும் பெயின்டும் விற்கிற கடைக்காரர் மகன் கஜேந்திரனும் நீயும் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தீர்கள், அவன் தன் வீட்டில் சொல்லுமுன் விஷயம் எப்படியோ அவனுடைய அம்மா காதுக்குப் போனது, அவர்கள் ஒரே மாதத்தில் மாத்தளையில் பெண் பார்த்து அவன் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டார்கள். நீ பெட்டியைக் கட்டினாய். கட்டும்போது, பக்கத்து வீட்டுக்காரிதாம்மா சொல்லியிருப்பா, அவதான் பஸ் ஸ்டாண்டுல எங்கள பாத்தா, செத்தாலும் அவள மன்னிக்க மாட்டேன், நீங்களும் அவ வாசப்படிய மிதிக்காதீங்க என்று சொல்லிவிட்டுப் போனாய். நானும் மிதிக்கவில்லை.

போன ஞாயிறு பின்னேரம் அவள் நம் வாசற்படியை மிதித்தாள். கையில் ரொட்டியும் கட்டச்சம்பலும், கூடவே பாஸ்டர். மனதில் பகையை வைத்துக்கொண்டு திருவிருந்து அப்பத்தைத் தொடாதீர்கள் என்று அவர் காலையில் சொன்னது இவளைப் பிடித்து உலுக்கியிருக்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டு, அக்கா, எப்ப யாருகிட்ட சொன்னேன்னு எனக்கே ஞாபகம் வரல, ஆனா என் வாய் எனக்குத் தெரியுந்தானே, சொல்லித்தான் இருப்பேன், ஒங்க புள்ள வாழ்க்கையக் கெடுத்துட்டேன், மன்னிச்சிருங்கக்கா என்று அழுதாள். தேயிலைக் கொழுந்து கிள்ளி வெடித்த விரல்கள், என் கையைப் போலவேதான் இருந்தன. நான் என்ன செய்தேன் தெரியுமா, தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆண்டவரே மன்னிக்கிறாரு, நான் யாரு மன்னிக்காம இருக்க என்றேன். பாஸ்டர் இரண்டு கையையும் தூக்கி அல்லேலூயா என்றார், மூன்று ரொட்டி சாப்பிட்டார், வருகிற ஞாயிறு மைக்கில் இந்த மன்னிப்பைப் பற்றி நீங்கதான் சாட்சி சொல்லணும் என்று என்னைக் கேட்டுக்கொண்டு போனார்.

இருவரும் படி இறங்கும்வரை பேப்பருக்குப் பின்னால் ஒளிந்திருந்த உன் அப்பா பேப்பரை மடித்துவிட்டு, குத்தமே பண்ணாதவளுக்கு மன்னிப்புக் குடுத்த மொத மனுஷி இந்த மலையில நீதாண்டி என்றார்.

அவருக்குத் தெரியும் மகள். உனக்கு மட்டும்தான் தெரியாது. யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா என்று நீ எனக்குச் சொன்ன மூன்றாம் நாள் புதன்கிழமை, பெண்களுடைய உபவாச ஜெபம், ஏழு பேர் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொருத்தியும் ஜெபக் குறிப்பு சொல்ல வேண்டும். நம் பெண்களின் ஜெபக் குறிப்பு உனக்குத் தெரியாததா, வம்புக்கு முக்காடு போட்டுவிட்டால் அதுதான் ஜெபக் குறிப்பு. ஒருத்தி மருமகளுடைய கொழுப்பு குறைய ஜெபிக்கச் சொன்னாள், அது இரத்தத்தில் உள்ள கொழுப்பு இல்லை. என் முறை வந்தது. என்னிடம் இருந்தது முழங்கால் மட்டும்தான், வாரா வாரம் அதையே கேட்டு அவர்களுக்கும் அலுத்துவிட்டது, ஒருத்தி கொட்டாவி விட்டாள். வயிறும் காலி, வாயாவது நிறையட்டும் என்று என் புள்ளைக்காக ஜெபியுங்கள் என்று ஆரம்பித்தேன். கொட்டாவி நின்றது. பேரைச் சொல்லி ஜெபிச்சாத்தானே அக்கா ஆண்டவருக்கு ஆளத் தெரியும் என்றாள் ஒருத்தி. நான் பேரைச் சொன்னேன், கடையைச் சொன்னேன், பஸ்ஸை விட்டு இறங்கினால் அந்தக் கடை எந்தப் பக்கம் என்பதையும் சொன்னேன். ஆண்டவர் வழி தவறிவிடக் கூடாதே.

அன்றைக்குச் சிவகாமசுந்தரி அங்கே இல்லை. பல் பிடுங்க டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள், கன்னம் வீங்கி நாலு நாள் கஞ்சிதான் குடித்தாள். அந்த வாரம் இந்த லயத்தில் உன் கதையைப் பேச முடியாமல் இருந்த ஒரே வாய் அவளுடையது. அவளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவளும் நான்தான்.

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்பாய். செத்தாலும் மன்னிக்க மாட்டேன் என்று நீ சொன்னபோது உன் முகத்தைப் பார்த்தேன், பயந்துவிட்டேன். அவள் பக்கத்து வீட்டுக்காரி, உன் கோபத்தைத் தாங்குவாள், எனக்குத் தாங்காது, உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள். அப்படித்தான் நினைத்தேன், வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. செய்யாத ஒன்றுக்கு அவளை மூன்று வருஷம் வெளியே நிற்க வைத்தேன். மனதுக்குக் காவல் போட்டேன் என்று பெருமை வேறு, உன் அப்பா நாற்காலி போட்ட காவல்தான் அது. என் பன்றி வெளியே இருந்து வரவே இல்லை, பாத்திக்குள்ளேயே படுத்திருந்தது.

செவ்வாய்க்கிழமை கொழுந்து மலையில் வைத்து அவளிடம் சொல்லிவிட்டேன். உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், ஆனால் பக்கத்து நிரையில் அவள் சந்தோஷமாகப் பாடிக்கொண்டு கிள்ளினாள், கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அப்ப நான் அழுததெல்லாம் வேஸ்டா, அந்த ரொட்டியத் திருப்பிக் குடுங்க என்றாள். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை, கூடையை எடுத்துக்கொண்டு நாலு நிரை தள்ளிப் போய்விட்டாள். புதனும் வியாழனும் பேச்சு இல்லை. இன்று காலை சுவரைத் தட்டி, முழங்காலுக்குத் தைலம் இருக்கு, வேணுமா வேணாமா என்று கேட்டாள், அக்கா என்ற வார்த்தை அதில் இல்லை. இது மன்னிப்பா என்று எனக்குத் தெரியவில்லை, கொழுந்து நிறை குறைந்த நாளில் மேற்பார்க்கிற கண்டாக்கு அரை நாள் சம்பளத்துக்குப் போடுகிற அரைப் பேர் மாதிரி இருந்தது. தைலத்தை வாங்கித் தேய்த்துக்கொண்டேன். அரைப் பேரும் பேர்தான்.

உன்னிடம் நான் முழுப் பேர் கேட்கவில்லை லோஜினி. உன் வாழ்க்கையை என் வாய் கெடுத்தது, அதை எந்த வசனத்தைச் சொல்லியும் மூட மாட்டேன். கஜேந்திரனைப் போன மாதம் பஸாரில் பார்த்தேன், தலையில் பாதி முடி கொட்டிவிட்டது, நான் ஜெபித்ததில் உடனே பலித்தது அது ஒன்றுதான், இதைச் சொல்லி உன்னைச் சிரிக்கவைக்கப் பார்க்கிறேன் என்பதும் உனக்குத் தெரியும். கொஞ்ச நாள் என்னிடம் பேச வேண்டாம் என்று தோன்றினால் பேசாதே, உன் நம்பருக்கு நான் அடிக்க மாட்டேன், போனை அரிசி டின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் சிவகாமிக்குப் போனில் ஒரு கால் எடு, அவளிடம் கடன்பட்டது நீ இல்லை என்றாலும் எடு. ஞாயிற்றுக்கிழமை மைக்கில் சொல்லத்தான் போகிறேன். பாஸ்டர் கேட்ட ரொட்டிச் சாட்சியை இல்லை, நடந்ததை. கவலைப்படாதே, உன் பேரும் வராது, அந்தப் பையன் பேரும் வராது, கடை எந்தப் பக்கம் என்றும் வராது. இந்த முறை என் பேரை மட்டும்தான் சொல்வேன்.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன்னைக் குறைவில்லாமல் வைக்கட்டும். தூளைக் காற்றுப் புகாத டின்னில் போட்டு வை. நீ அங்கே வெள்ளிக்கிழமைகளில் தமிழ்ச் சபைக்குப் போவதாகச் சொன்னாயே, என்னை நீ மன்னிக்க முடியாமல் தவித்தாலும் சரி, என் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் சரி, தயவுசெய்து இதை மட்டும் அங்கே ஜெபக் குறிப்பாகக் கொடுத்துவிடாதே.

இப்படிக்கு,
சுவருக்கு இந்தப் பக்கம் தைல வாசனையோடு உட்கார்ந்திருக்கும் உன் அம்மா,
நாகலெட்சுமி பெரியதம்பி