மதினி விட்டுப்போன மீன்

05.08.2025 செவ்வாய்
லுஹர் தொழுதுவிட்டு மதினி வீட்டைத் திறந்து மீனுக்குத் தீனி போட்டேன். உயிர்க் கூனி, பொடி இறால், பன்னிரண்டு. எல்லாவற்றையும் தின்றது. ஆனாலும் வயிறு குழிந்து கிடக்கிறது. தின்கிற மீன் ஏன் மெலிய வேண்டும்?

என் மூத்த மகளின் கலியாணத்துக்கு நான் நேரில் போய்ச் சொல்லாமல் ஆளனுப்பிய பிழைக்கு, ஸுஹைறா மதினி ஆறு வருஷம் என்னோடு கதைக்கவில்லை. ஜூன் மாதம், இரண்டு மாதம் தங்கி வர மக்காவுக்கு உம்றாப் போகுமுன் எல்லாரிடமும் மாப்புக் கேட்டு வந்தவ, கடைசியாக என் வாசலுக்கும் வந்தா. வீட்டுத் திறப்பை என் கையில் வைத்தா. "ஒம்பது வருஷம் வளத்த கடல் ஏஞ்சல் மீன், றுஸ்தா. என்ட தம்பிய நம்பேலா, உன்னத்தான் நம்புறன். பிறிஜ்ஜில ஐஸ் றால் வெச்சிரிக்கன், அதப் போடு."

அமானிதம், நம்பி ஒப்படைத்தது. அதனால்தான் ஐஸ் தீனி போட மனம் வரவில்லை. கடற்கரையில் இருந்துகொண்டு பழசு கொடுப்பதா? விடியவே கரையில் வாங்கும் கூனிதான், இரண்டு மாதமாக.

07.08 வியாழன்
வெள்ளை நூல் மாதிரி மலம் தொங்குகிறது. போனில் தேடினேன். குடலில் கண்ணுக்குத் தெரியாத கிருமியாக இருக்கலாம், புழுவாகவும் இருக்கலாம். மருந்து வேறு வேறு. கிருமிக்குரிய மாத்திரைதான் இங்கே கிடைத்தது. பிஸ்மி சொல்லித் தீனியில் பிசறிக் கொடுத்தேன்.

10.08 ஞாயிறு
குறையவில்லை. ஐந்து கூனி மட்டும்.

12.08 செவ்வாய்
ஒன்றும் தின்னவில்லை. கல்லுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறது. யா அல்லாஹ், ஞாயிற்றுக்கிழமை மதினி வந்திருவா, நான் என்ன செய்வன்?

மதினியின் தம்பியான இவர் சொல்கிறார்: "கடல்ல சுழியோடுற ஹாதிக்கிட்டச் சொன்னா இதே மாதிரி ஒண்டப் புடிச்சித் தருவான். மீனுக்கென்ன அடையாள அட்டையா இரிக்கி? ராத்தாக்குத் தெரியவா போகுது?"

ஓம் என்று சொல்ல வாய் வந்தது. எழுதாமல் விட்டால் இந்தக் கொப்பியே பொய். வந்தது.

13.08 புதன்
மலத்தை யோகட் கோப்பையில் எடுத்துக்கொண்டு பாண்டிருப்புக்குப் போனேன். மெட்டில்டா டீச்சர் உயிரியல் வகுப்பு எடுக்கிறவ, வீட்டில் நுணுக்குக்காட்டி உண்டு. "முப்பது வருஷமாப் படிப்பிக்கிறன், மீன்ட பீயத் தூக்கிட்டு வந்த முதல் ஆள் நீங்கதான்" என்று சிரித்தா. கண்ணை வைத்ததும் சிரிப்பு நின்றது. முட்டைகள். நாடாப்புழு.

"என்ன தீனி குடுத்த நீங்க?"

கொப்பியை விரித்து நாள் நாளாக வாசித்தேன். உயிர்க் கூனி, உயிர்க் கூனி... கையைக் காட்டி நிறுத்தினா. "கூனிக்குள்ளால புழு வந்திரிக்கும். ஐஸில கிடந்தா புழு செத்திரும். அதுக்குத்தான் அவ ஐஸ் றால் வெச்சிரிக்கா."

என்ட கையால. ஒவ்வொரு நாளும். பிஸ்மி சொல்லிச் சொல்லிப் புழு ஊட்டியிரிக்கன்.

14.08 வியாழன்
மிருக வைத்தியர் நாய்ப் புழு மாத்திரை எழுதினார். அளவும் சொன்னார். பார்மசிக்காரர், "நாய் எப்ப வாங்கின நீங்க, ராத்தா?" என்றார். மீனுக்கு என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

கண்முன்னே வைத்துப் பார்க்க மீனை வாளியில் என் வீட்டுக்குக் கொண்டுவந்து அடுக்களையில் கடல்தண்ணீர் நிரப்பிய பெரிய பேசினில் விட்டேன். காற்று மோட்டர் ஓடுகிறது. ஐஸ் றாலில் மருந்தும் உள்ளிப்பூண்டுச் சாறும் பிசறி வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது.

15.08 வெள்ளி
தின்னவில்லை.

16.08 சனி
சுபஹுக்குப் பிறகு ஒரு துண்டை எடுத்துத் துப்பியது. திரும்ப எடுத்தது. விழுங்கியது! தொழுத பாயிலேயே இருந்து அழுதேன். ஒரு கிழமை கழித்து இன்னொரு தவணை கொடுக்க வேண்டும். நாளை மதினி.

17.08 ஞாயிறு
மதினி நீட்டிய ஸம்ஸம் தண்ணீர்ப் போத்தலை வாங்குமுன் எல்லாவற்றையும் சொன்னேன். கொப்பியைக் கொடுத்தேன், செவ்வாய்க்கிழமை எழுதினதும் சேர்த்து. நின்றபடியே வாசித்தா.

"ஐஸ் றாலப் போடு எண்டு சொன்னனா இல்லியா?"

"சொன்ன நீங்க."

கொப்பியை மேசையில் வைத்துவிட்டுப் போனா. பேசினை எட்டியும் பார்க்கவில்லை. இன்னும் ஆறு வருஷமா?

20.08 புதன்
மீன் தின்கிறது. மதினி வரவில்லை.

23.08 சனி
இரண்டாம் தவணை. அஸருக்குப் பிறகு அடுக்களைக் கதவைத் தள்ளிக்கொண்டு மதினி வந்தா. ஸலாம் சொன்னா, கை கழுவினா. "கொண்டா மருந்த. நீ நடுங்கிற நடுக்கத்தில மீனும் பயந்திரும்."

முழுத் துண்டையும் அவ விரலில் இருந்தே பறித்துத் தின்றது. வெள்ளை நூல் இல்லை.

மீனைக் கொண்டுபோகத்தான் வந்தா என்று நினைத்து வாளியை எடுத்து வைத்தேன். அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு வாங்குப் பலகையில் உட்கார்ந்தா.

"இங்கயே நிக்கட்டும். நாளைக்கும் வருவன். எனக்குத் தேத்தண்ணிக்குச் சீனியக் குறைச்சுப் போடு."