முன் தகட்டில் இருந்த பெயர்கள்

எட்மண்டன், லண்டன்
வியாழக்கிழமை

அன்பின் அண்ணைக்கு,

தங்கச்சி நாகேஸ்வரி எழுதுவது. நாங்கள் எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் கை போனது. உங்களுக்குப் பொய் எழுதி என்ன காணப்போகிறேன் என்று நிறுத்திவிட்டேன். நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும். அண்ணியின் முழங்கால் எப்படி? அங்கே இப்போது பனி கொட்டும் காலம். வாசலில் உப்புப் போடாமல் அவவை வெளியே இறங்க விடாதீர்கள்.

கடித உறையைக் கண்டு பயந்திருப்பீர்கள். யாரும் சாகவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது இவளுக்கு என்ன பேனை பிடிக்க வந்தது என்று கேட்பீர்கள். பாரிசவாதம் வந்து வலது கை விளங்காமல் போன பிறகு இவர் தன் போனைத் தவற விட்டு உடைத்துவிட்டார், புதிது வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். இப்போது இரண்டு பேருக்கும் என் போன்தான். எந்த மெசேஜ் வந்தாலும் அவர்தான் முதலில் வாசிப்பார். அதனால் நான் வேலை செய்யும் பள்ளிக்கூடச் சமையலறையில், பிள்ளைகள் சாப்பிட்டு எழும்பிப் போன பிறகு, இருந்து எழுதுகிறேன். இங்கே என்னோடு வேலை செய்யும் றூபினி தன் போனைத் தந்தாள். இரண்டு தரம் உங்கள் நம்பரை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு அழுகை வரும். நான் அழுதால் நீங்கள் அந்த நிமிடமே இவரைக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று விசாரிப்பீர்கள். உங்கள் குணம் எனக்குத் தெரியாதா?

நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது நீங்கள் நோர்வேயிலிருந்து வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து தந்த இரும்பு விறகடுப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். இடித்த வீட்டிலிருந்து எடுத்தது, பழைய காலத்துச் சாமான், எறிய மனம் வரவில்லை என்று சொல்லித் தந்தீர்கள். இவர் பாரிசவாதத்துக்குப் பிறகு கதிரையில் இருந்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் நீங்கள் மறுபடி வந்து போனீர்கள் அல்லவா? உடற்பயிற்சி காட்ட வந்த பிள்ளை பிசையக் கொடுத்த பந்தை இவர் யன்னலுக்கு வெளியே எறிந்தார். அந்த மனிசன்தான் ஒரு நாள் தானாக எழும்பிப் பின் வளவுக்குப் போய், கொட்டிலில் கிடந்த அந்த அடுப்பின் கால் ஒன்றை எடுத்து வந்து, மடியில் வைத்துக் கம்பித் தூரிகையால் தேய்க்கத் தொடங்கினார். அன்றைக்கு நான் குசினிக்குள் போய் நின்று அழுதேன்.

அதன் பிறகு அதுவே அவருக்கு வேலையும் மருந்தும். இடது கையாலேயே துரு உரித்தார். கழன்ற தகடுகளைப் பொருத்தினார், பொருந்தாத ஓரங்களை அரத்தால் ராவினார். உள்ளே புதுச் செங்கல் வைத்தார், கறுப்பு மெருகு பூசினார். நீங்கள் அவரோடு துறைமுகத்தில் வெல்டிங் வேலை செய்தவர், எப்படிச் செய்திருப்பார் என்று உங்களுக்கே தெரியும். கவுன்சில் சட்டப்படி எங்கள் தெருவில் இந்த அடுப்பில் விறகு எரிக்க ஏலாது. எரியாத அடுப்புக்கு ஏன் இந்தப் பாடு என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதற்கு, "நானும்தான் வேலைக்குப் போறேல்லை, என்னை வீட்டுக்கை வைச்சிருக்கினம்தானே" என்று சொல்லிச் சிரித்தார்.

போன மாதம் அவருடைய பிறந்தநாளுக்கு எங்கள் கௌசி ஒரு வேலை பார்த்தாள். பழைய அடுப்புகளைப் பார்த்து, எந்தப் பட்டறையில் வார்த்தது, எந்தக் காலத்தது, என்ன பெறும் என்று சொல்லும் ஒரு வெள்ளைக்காரரைத் தேடிப் பிடித்து வரச் சொன்னாள். அப்பாவைச் சந்தோசப்படுத்தத்தான், பாவம். இவர் விடியவே சவரம் செய்து, நல்ல ஷேர்ட் போட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். நான் வடை சுட்டேன்.

வந்தவர் நல்ல மனிசன், கோபிக்கவும் எனக்கு வழியில்லை. டோர்ச் லைட்டோடு நிலத்தில் படுத்து அடியைப் பார்த்தார். ஒவ்வொரு தகட்டையும் விரலால் தட்டிக் காதைக் கொடுத்தார். வெடிப்பு இருந்தால் சத்தம் கட்டையாக வருமாம். மேல் தகடும் அடியும் மெத்தப் பழையவை, பக்கத் தகடுகள் இரண்டும் பிறகு வார்த்துச் சேர்த்தவை என்றார். இவர், அது எனக்கு முதலே தெரியும் என்பது போலத் தலையாட்டினார். பிறகு அவர் முன் தகட்டுக்கு வந்தார். அங்கேதான் நேரம் எடுத்தது.

அவர் சொன்னதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். அந்தப் பூ வேலையும் வளைவும் ஒரு சின்னப் பட்டறையினுடையதாம். கொஞ்சக் காலம்தான் அது நடந்ததாம், அதன் அடுப்புகள் மிச்சம் இருப்பது அரிதாம். ஆனால் அந்த அடுப்புகளைப் பார்த்துப் பிறகு பலர் பிரதி எடுத்திருக்கிறார்கள். பழைய தகட்டையே மண்ணில் அழுத்தி அச்செடுத்து வார்ப்பார்களாம். இரும்பு ஆறும்போது சுருங்குவதால் பிரதி ஒரு சொட்டுச் சிறிதாக வரும், எழுத்தின் விளிம்பும் மழுங்கிவிடும். அளவை வைத்துச் சொல்ல ஏலாது, ஏனென்றால் இவர் ஓரங்களை ராவிவிட்டார். எழுத்து இருந்திருந்தால் ஒரு பார்வையில் சொல்லியிருப்பேன் என்றார். எழுத்து இருந்த இடம் தேய்த்த தரை மாதிரிக் கிடந்தது. இந்த நிலையில் அழகுக்கு வாங்குகிறவர்கள் தரும் விலையைத்தான் தன்னால் சொல்ல முடியும், அசலாக இருந்து எழுத்தும் இருந்திருந்தால் அருங்காட்சியகமே கேட்டு வந்திருக்கும் என்றார். பிறகு, ஒற்றைக் கையால் இப்படிப் பொருத்திய ஒருவரைத் தான் கண்டதில்லை என்று இவரைப் புகழ்ந்தார். அது இவர் காதில் ஏறவில்லை.

அந்த இடத்தில் வார்த்திருந்த பெயர்களை அழிக்கச் சொன்னது நீங்கள்தான், அண்ணை. குற்றம் பிடிக்க எழுதவில்லை. ஆனால் உங்களுக்கு ஞாபகம் வர வேண்டும். இந்த வீட்டுக்குக் குடிபூரல் நடந்த காலையில், ஐயர் வருவதற்கு முதல், நீங்கள் அந்தத் தகட்டைத் துடைத்து வாசித்தீர்கள். கணவன் பெயர், மனைவி பெயர், ஆண்டு. கலியாணத்துக்கு வார்த்த அடுப்பு என்று சொன்னீர்கள். "செத்த சனத்தின்ரை பேர் எழுதின அடுப்பு வீட்டுக்கை கிடக்க, நாங்கள் பால் காய்ச்சுறதோ மச்சான்? கூடாது" என்றும் சொன்னீர்கள். இருந்த பெரியவர்கள் எல்லோரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். எங்களுக்கு அது சரியாகத்தான் பட்டது. இவர் அப்போது இரண்டு கையும் நல்ல மனிசன். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வளவுக்குள் தகட்டைக் கொண்டுபோய், இரும்பு தேய்க்கும் கிரைண்டரால் அந்தப் பெயர்களைத் தேய்த்து எடுத்தார். வேட்டி முழுக்கக் கறுப்புத் தூள். அதன் பிறகுதான் பால் பொங்கியது.

இப்போது அதே கதையை இவர் வேறு விதமாகச் சொல்கிறார். நூற்றாண்டுக் கணக்காக இருந்த பெயர்களைத் தானே கொன்றுவிட்டாராம். அதற்குத்தான் கை போனதாம். கௌசி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கேட்கிறார் இல்லை. அடுப்பின் மேல் படுக்கை விரிப்பைப் போர்த்திவிட்டு, முன் அறைக்குள்ளே போவதை விட்டுவிட்டார். கையை அசைக்கும் பயிற்சியும் இல்லை. சாப்பிட்டீர்களோ என்று கேட்டால் சாப்பிட்டேன் என்கிறார், சாப்பாட்டுக் கோப்பை கழுவி வைத்தபடியே காய்ந்துபோய்க் கிடக்கிறது. பூச்சாடிக்குள் அவர் விழுங்க வேண்டிய மருந்துக் குளிசைகளைக் கண்டேன். கிரைண்டரையும் அரங்களையும் தெருவில் வேலை செய்த ஒரு போலந்துக்காரப் பொடியனுக்குச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டார்.

டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே போய் நேராக இருந்து, நித்திரை வருகிறது, சாப்பிடுகிறேன், ஒரு குறையும் இல்லை என்று சிரித்துக்கொண்டு சொல்கிறார். நான் சொன்னதை டொக்டர் எழுதிக்கொண்டார், வேறு ஒருவரிடம் அனுப்புவதாகச் சொன்னார். இன்னும் அழைப்பு வரவில்லை. ஒவ்வொரு நாளும் கூப்பிட்டுக் கேட்கிறேன்.

போன கிழமை என்னைக் கூப்பிட்டு, கொதிகலனை எப்படி நிறுத்துவது என்று காட்டினார். தண்ணீர் வரும் குழாயைப் பூட்டும் இடத்தைக் காட்டினார். வீட்டுக் காப்புறுதிப் பத்திரம் இருக்கும் மேசை லாச்சியைத் திறந்து காட்டினார். பிறகு, எல்லாம் விளங்கினதோ என்று ஆறுதலாகக் கேட்டார். இதெல்லாம் எனக்கு இப்போது ஏன் என்று திருப்பிக் கேட்கப் பயந்தேன், அண்ணை. விளங்கியது என்று மட்டும் சொன்னேன். அன்றிலிருந்து கௌசி வீட்டில் இருந்து வேலை செய்கிறாள். நான் வேலைக்கு வரும்போது அவள் கீழே வந்து இருக்கிறாள்.

இனி உங்களிடம் கேட்பதைக் கேட்கிறேன். இவர் கிரைண்டரை எடுக்கக் கொட்டிலுக்குப் போன நேரத்தில் நீங்கள் அந்தத் தகட்டை உங்கள் போனில் படம் எடுத்தீர்கள். "நோர்வேக்காரரும் அடுப்பிலை கலியாண கார்ட் அடிச்சிருக்கினம், வீட்டிலை என்ரை மனிசிக்குக் காட்ட வேணும்" என்று சிரித்துக்கொண்டு எடுத்தீர்கள். நான் பக்கத்தில் நின்றேன். அந்த வெள்ளைக்காரர் யாராவது முதலே படம் எடுத்தீர்களா என்று கேட்டபோது இவர் உடனே இல்லை என்றார். அந்த வெள்ளைக்காரர் போகும்போது நான் வாசலில் வைத்துத் தனியாகக் கேட்டேன். படத்தில் எழுத்து மழுங்கியிருந்தால் அது பிரதி, கூராக இருந்தால் அசல் என்றார்.

அண்ணை, படத்தைத் தேடுங்கள். பழைய போன் அலுமாரிக்குள் எங்காவது கிடக்கும். அண்ணிக்கு அனுப்பியிருந்தால் அவவிடம் இருக்கும். பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்தெல்லாம் குளிக்கப் பாவித்த சவர்க்காரக் கட்டியில் உள்ள எழுத்து மாதிரித் தேய்ந்திருந்தால், அது ஒன்றுக்கும் உதவாத பிரதி. இவர் ஒன்றையும் கெடுக்கவில்லை. உடனே என் நம்பருக்குக் கூப்பிடுங்கள், இவர்தான் எடுப்பார். மச்சான், நீ அழிச்சது வெறும் போலி என்று சொல்லிப் படத்தையும் அனுப்பிவிடுங்கள். வெள்ளிக்கிழமைகளில் அம்மன் கோயிலுக்குப் போய், தாயே, என் வீட்டு அடுப்பு போலியாக இருக்கட்டும் என்று கும்பிடுகிறேன். இப்படி ஒரு வேண்டுதலை அந்த அம்மன் முன்பு கேட்டிருக்க மாட்டாள்.

எழுத்து கூராக இருந்தால் படத்தை அழித்துவிடுங்கள். நீங்கள் பொய் சொல்லிப் பழகாதவர். அப்பாவுக்கு முன்னால்கூடச் சொன்னதில்லை. தெரிந்துதான் கேட்கிறேன். அப்போதும் இவரைக் கூப்பிட்டு அதையேதான் சொல்ல வேண்டும். படம் எங்கே என்று கேட்டால், அது பழைய போனோடு போய்விட்டது, எழுத்து மழுங்கிக் கிடந்தது என் கண்ணுக்குள் நிற்கிறது என்று சொல்லுங்கள். அண்ணியிடமும் அப்படியே சொல்லுங்கள். உண்மை எது என்று எனக்கும் சொல்ல வேண்டாம். நான் ஒரு நாளும் கேட்க மாட்டேன். இந்தக் கடிதத்தையும் வைத்திருக்க வேண்டாம்.

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். கைக்குக் கிடைத்த அன்றே கூப்பிடுங்கள். முடிந்தால் ஒரு தரம் வந்தும் போங்கள், உங்களைக் கண்டால் சாப்பிடுவார். கூப்பிடும்போது என்னைப் பற்றிக் கேட்காதீர்கள், அவரோடு மட்டும் கதையுங்கள், நெடுநேரம் கதையுங்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் எனக்கு இருக்க வேண்டும், அண்ணை. வேறு ஒன்றும் வேண்டாம்.

உங்கள் பாசமுள்ள தங்கச்சி,
நாகேஸ்வரி