நீங்கள் பாலிஷ் போட்ட கோலிக்குண்டு

அண்ணா,

நேற்று பெங்களூரிலிருந்து, நம்மைப் போலவே கோலிக்குண்டு சேகரிக்கும் ஒருவர் என் குண்டுகளைப் பார்க்க நாமக்கல்லுக்கு வந்திருந்தார். நீங்கள் கண்மூடிய பின் நான் குண்டுப் பெட்டியைத் திறந்ததே நேற்றுதான். அத்தனை குண்டுகளில் அவர் நேராக நீங்கள் கொடுத்ததையே எடுத்தார். உள்ளே முறுக்கிக்கொண்டு போகும் சிவப்பு, நீல இழைகளை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்ததும் அவர் கண் விரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போர்வெல் போடப் போவீர்கள். வேலை முடிந்ததும் குண்டு தேடி அந்த ஊர்ப் பழைய சாமான் கடைக்குள் புகுந்துவிடுவீர்கள். நம் பைத்தியம் அப்படி. அந்தக் காலத்தில் ஜெர்மனியில் கையால் செய்த குண்டு என்றால், கண்ணாடித் தண்டிலிருந்து வெட்டியெடுத்த இடத்தில் சின்னதாக ஒரு வடு இருக்கும். சேகரிப்பவர்களுக்கு அதுதான் அத்தாட்சி. இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! நீங்கள் காதில் வாங்கினால்தானே.

என் புதுவீட்டு விசேஷத்துக்கு இந்தக் குண்டைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தீர்கள். தடவிப் பார்த்தேன். வழுவழுவென்று இருந்தது.

"வடு எங்கீங்கண்ணா?"

"ஒரு பக்கம் சொரசொரன்னு இருந்துச்சு தம்பி. விசேசத்துக்கு அப்படியேவா குடுக்கறது? சேலத்துல கல்லுக்குப் பாலிஷ் போடறவருகிட்டக் குடுத்து நைசாத் தேச்சுட்டு வந்தேன். தொளை போடற ரிக் பிட்டு மழுங்குனா நாம தேய்க்கறதில்லையா?"

உங்கள் முகத்தில் அத்தனை பெருமை. நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஒன்றும் புரியாத அண்ணி இருவருக்கும் இன்னொரு டம்ளர் பாயசம் ஊற்றினார்.

நேற்று வந்தவர் பையில் நம் கனவு இருந்தது அண்ணா. கண்ணாடிக்குள் வெள்ளியாக மின்னும் ஆடு நிற்கும் குண்டு. "ஒருக்காவாச்சும் கையில வெச்சுப் பாக்கோணும் தம்பி" என்று நீங்கள் ஏங்கினீர்களே, அதே வகை. என் உள்ளங்கையில் அதை வைத்து, "இதுக்கு அதைக் கொடுங்க, மாத்திக்கலாம்" என்றார். உண்மையைச் சொல்கிறேன், சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

அதற்குள் அவர் விரல் உங்கள் குண்டில் வடுவைத் தேடிச் சுற்றிச் சுற்றி வந்தது. "அடடா, பாலிஷ் போட்டுட்டாங்களா? வேண்டாங்க" என்று வைத்துவிட்டு, ஆட்டோடு பஸ் ஏறிவிட்டார்.

அவர் போனதும் உங்கள் குண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஒரு ஆட்டுக்காக உங்களைக் கொடுத்துவிடப் பார்த்தேன் அண்ணா. உங்கள் பாலிஷ் விடவில்லை. இனி யாரும் இதை என்னிடம் கேட்க மாட்டார்கள்.