கடற்கரை வாசலில் கோழிகள்

என் பிள்ளையின் அப்பாவுக்கு,

நாளை நானும் மகளும் பாம்பனை விட்டுத் தூத்துக்குடிக்கே போகிறோம். என் அண்ணன் கூட்டிப்போக வந்திருக்கிறார். நீங்கள் வளர்த்த கோழிகளைப் பக்கத்து வீட்டு ஜோதிமேரி வளர்ப்பாள்.

இன்று காலை அவள் கூடையோடு வந்து நின்றபோது, கோழிகள் எல்லாம் திடீரென்று கடற்கரை வாசலுக்கு ஓடின. கடலிலிருந்து நீங்கள் பொடிமீன் கொண்டுவரும்போது அப்படித்தான் ஓடும். நானும் பின்னாலேயே ஓடினேன். வெறும் மணல்தான் கிடந்தது. கோழிகள் மட்டும் தலையைத் தூக்கி யாரையோ பார்த்துக்கொண்டு நின்றன.

"எங்கண்ணனைக் கடல் கொண்டுபோயி வருசம் ஒண்ணாச்சு மதினி. இதுக இன்னுமா தேடுதுக?" என்றாள் ஜோதிமேரி.

கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தேன்.

இந்தக் கடிதமும் அவளிடம்தான் இருக்கும். நீங்கள் வந்தால் முட்டை பொரித்துச் சோறு போடச் சொல்லியிருக்கிறேன். சாப்பிட்டுவிட்டுப் புறப்படுங்கள். விலாசம் அவளுக்குத் தெரியும்.

உங்கள் வீட்டுக்காரி