துரைசாணி சொன்ன 'மே'

12-7-1958, சனி.

அருள்மேரியின் முகம் கண்ணை விட்டுப் போகவில்லை. எஸ்டேட் வெள்ளைக்காரத் துரைசாணி பங்களாவில் சமைக்கிறவள். என் ஆங்கில வகுப்புக்கும் வருகிறாள். சாயங்காலம் துணிமணியெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"வேல போச்சுங்க டீச்சரம்மா. மக பேறுகாலத்துக்கு லீவு கேட்டேன். 'யூ மே கோ'ன்னுட்டாங்க."

'மே' என்றால் 'லாம்' என்று போன வாரம் கரும்பலகையில் எழுதிப்போட்டது நான்தான். 'நீ போகலாம்.' தமிழில் அப்படிச் சொன்னால் வேலை போய்விட்டதென்றுதான் யாரும் நினைப்பார்கள்.

"அட, லீவுதான் குடுத்திருக்காங்க, மேரி" என்றேன். அவள் நம்பவில்லை.

"அப்ப, போயிட்டு வான்னு சொல்லியிருக்கலாம்ல? அவங்க பாஷையில அதுக்கு வார்த்த இல்லீங்களா?"

ஆங்கிலத்தில் அப்படிச் சொல்லி விடைகொடுக்கிற வழக்கம் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே ஒரு வாக்கியத்தைக் கூட்டிச் சேர்த்தாள்: "ஐ வில் கோ அண்ட் கம், மேடம்." துரைசாணியிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவாளாம். மழையில் அதையே முணுமுணுத்தபடி பங்களாவுக்குத் திரும்பிப் போனாள்.

ஊரிலிருந்து வந்ததும், அந்த வாக்கியம் தப்பு என்று அவளிடம் சொல்ல வேண்டும். இந்த 'வேண்டும்' மஸ்ட்டா, ஷுட்டா, எனக்கே தெரியவில்லை.