தரையைத் தொடாத சுவர்

அன்பு மகன் ட்ரெவருக்கு அம்மா ரோண்டா ரெஜைனாவிலிருந்து எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், பனி உருகி முற்றம் முழுக்கச் சேறு, அதைத் தவிர குறை ஒன்றும் இல்லை. பெர்த்தில் நீயும் ஜனெலும் ஹேட்டிக் குட்டியும் நன்றாக இருப்பீர்கள் என்றுதான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். நைட் டியூட்டிக்கு வெறும் வயிற்றோடு போகாதே.

ஆகஸ்டில் வரும்போது நம் வீட்டில் இடம் இல்லாததால் மூஸ் ஜாவில் ஜனெலின் அம்மா வீட்டில் தங்குவதாகப் போன தடவை எழுதியிருந்தாய். அவர்களுக்கு இரண்டு ரூம் சும்மா கிடக்கிறதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் பேத்தியை முதல் தடவை பார்க்கப்போகிறவள் ஒரு மணி நேரம் கார் ஓட்டிப் போய், விருந்தாளி மாதிரி உட்கார்ந்துவிட்டுத் திரும்ப வேண்டுமா? அதனால்தான் குளிர்காலம் முழுக்க நம் பேஸ்மென்ட்டில் நானே ஒரு ரூம் கட்டினேன். எல்லாம் யூடியூபில் மரவேலை சொல்லித்தரும் அந்தக் கால்கரிப் பெண்ணின் வீடியோக்களைப் பார்த்துக் கற்றதுதான், அவளுடைய ஒரு வீடியோவைக்கூட நான் விட்டதில்லை, என் கமெண்ட்டுக்கு அவள் ஒரு தடவை இதயம் போட்டதை ஆபீஸில் எல்லோரிடமும் காட்டிவிட்டேன்.

நம் ஊர்க் களிமண் உனக்குத் தெரியும், ஈரம் பட்டால் பிசைந்த மாவு மாதிரி உப்பி, கான்கிரீட் தரையையே மேலே தூக்கும். மரச்சுவரைத் தரையோடு இறுக்கி அடித்தால் தரை சுவரைத் தூக்கும், சுவர் வீட்டைத் தூக்கும். அதனால் ஒரு கட்டையைத் தரையில் ஆணியடித்து, சுவரை மேலே உத்தரத்திலிருந்து தொங்கவிட்டு, நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டேன். நீள ஆணிகள் சுவரின் அடியில் போட்ட துளை வழியாகக் கீழ்க்கட்டைக்குள் இறங்கி நிற்கும், சுவர் ஆடாது, தரை மட்டும் தன் இஷ்டத்துக்கு ஏறி இறங்கும். இடைவெளியை அடிப்பலகை வைத்து மறைத்தேன். எவ்வளவு அழகு தெரியுமா.

இதைப் பார்த்துவிட்டுப் போன பக்கத்து வீட்டு மெர்வ், பனித்தரையில் கல் தள்ளி ஆடும் கர்லிங் கிளப்பில் எல்லோர் முன்னாலும் அப்பாவைச் சீண்டியிருக்கிறார். என்ன லைல், உன் பொண்டாட்டி கட்டுன செவுரு அந்தரத்துல தொங்குதே, பேத்தி தும்முனா விழுந்துராதா, என்று. உன் அப்பா இதை என்னிடம் சொல்லவே இல்லை. நான் சாஸ்கட்டூனுக்குச் சித்தியைப் பார்க்கப் போன சமயம் பலகையைக் கழற்றி, இடைவெளி முழுக்க மரத்துண்டுகளை அடித்து இறுக்கி, பலகையைத் திரும்ப மாட்டிவிட்டார்.

போன ஞாயிறு சம்பந்தியம்மா டோரீன் ரூமைப் பார்க்க வந்தார். ஜன்னல் நல்லாத்தான் இருக்கு, ஆனா மூஸ் ஜாவுல வெளிச்சம் இன்னும் ஜாஸ்தி, என்றார். பிறகு மேலே பாத்ரூமுக்குப் போனார். அந்தக் கதவு ஒரு வாரமாகவே உரசிக்கொண்டிருந்தது, பெயிண்ட் தடிப்பு என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல், ரோண்டா, இந்தக் கதவு என்னைய விடமாட்டேங்குது. அப்பா தோளைக் கொடுத்து முட்டினார். லைல் அண்ணே, ஒடச்சுக்கிட்டு வந்துராதீங்க, கதவுக்குப் பின்னாடிதான் நிக்கிறேன், என்று அவர் கத்தினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அந்தக் கதவு நேராக என் சுவருக்கு மேலே இருக்கிறது. கீழே ஓடினேன். பின்னாலேயே அப்பா, ரோண்டா கோவப்படாத, ஒண்ணு சொல்லணும், என்று முனகிக்கொண்டே வந்தார். பலகையைப் பிடுங்கினால் வரிசையாக மரத்துண்டுகள், ஒவ்வொன்றையும் உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி வேறு வைத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. உளியை வைத்து ஒவ்வொன்றாகப் பிளந்து எடுத்தோம். கடைசித் துண்டு வந்ததும் வீடு ஒரு முனகல் முனகி உட்கார்ந்தது, மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

டோரீன் இறங்கி வந்தார். போச்சு, குழந்தை மூஸ் ஜாவுக்குத்தான் என்று முடிவே செய்துவிட்டேன். அவரோ முட்டி போட்டு அந்த இடைவெளிக்குள் விரலை விட்டு, இது என்ன ஏது என்று கேட்டார். சொன்னேன். பிறகு மெதுவாக, எங்க கீழ் ரூம் ரெண்டுக்கும் கதவு மூடாது ரோண்டா, வாயப் பொளந்துகிட்டுத்தான் நிக்கும், வீட்டுக்கு வயசாயிருச்சுன்னு நெனச்சேன், அங்க செவுரு தரையோட ஒட்டித்தான் இருக்கு, என்றார். அப்புறம், கதவு மூடாத ரூம்ல கைப்புள்ள எப்பிடித் தூங்கும், இந்தத் தடவ இங்கயே இருக்கட்டும், என்றார். நான் சந்தோஷத்தில் குதிக்கவில்லை, பெர்ரி பை வெட்டிக் கொடுத்தேன், பெரிய துண்டாக.

நேற்று நகராட்சி இன்ஸ்பெக்டரும் வந்து பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். வரும் சனிக்கிழமை நான் மூஸ் ஜாவுக்குப் போய் டோரீன் வீட்டுச் சுவர்களின் அடியை அறுத்து இடைவெளி விடப்போகிறேன், தண்டனையாக அப்பா கருவிப் பெட்டியைச் சுமந்து வருகிறார். அந்த ரூம்கள் சரியாகிவிட்டால் அடுத்த வருஷம் ஹேட்டி யார் வீட்டில் தங்குவது என்று போட்டி வரும், தெரிந்தேதான் போகிறேன்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள், கடவுள் துணை. ஒன்று மறக்காதே, அவரே சொன்னதுதான் என்றாலும், நீங்கள் இங்கே தங்கப்போவதை டோரீனுக்கு நீயே போன் செய்து சொல், பேசும்போது குரலில் கொஞ்சம் வருத்தம் இருக்கட்டும்.

முத்தங்களுடன்,
அம்மா ரோண்டா
(அப்பாவும்தான், பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார்)