உப்பு இருக்கும் இடம்

என்னங்க,

ஞாயிற்றுக்கிழமை பேப்பர்ல உங்க துணுக்கு பார்த்தேன். "வீட்டுல உப்பு எங்கே இருக்குன்னு தெரியணும்னா, மனைவி கோவிச்சுக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போகணும்." அக்காதான் சத்தமா வாசிச்சா. அத்தான் விழுந்து விழுந்து சிரிச்சார். நானும் சிரிச்சேன். பழக்க தோஷம்.

காதல், நட்பு, சந்தோஷம்னு வாரம் தவறாம நல்லாத்தான் எழுதறீங்க. "மனுஷன் பக்கத்துல இருக்கறவங்ககிட்ட பேச மாட்டான், அவங்களைப் பத்தி ஊருக்கே பேசுவான்"னு எழுதினது எனக்கு ரொம்பப் பிடிச்சுது. அதை நீங்க எழுதறப்போ காபியோட பக்கத்துலதான் நின்னேன். நீங்க நிமிரல.

இங்கே வர்றவங்க எல்லாம் என்னைக் கொடுத்து வெச்சவன்னு சொல்றாங்க. நம்ம வீடே எப்பவும் கலகலன்னு இருக்குமாம். ஆமான்னு சொல்லிடறேன்.

வந்ததுலேர்ந்து போனைக் குளிக்கப் போறப்பகூட கையில வெச்சிருந்தேன். எதுக்குடின்னு அக்கா கேட்டா. மணி பார்க்கன்னு சொன்னேன். இந்த வீட்டுல ரூமுக்கு ஒரு கடிகாரம் மாட்டியிருக்காங்க.

உப்பு, அடுப்புக்கு மேல் தட்டுல, பழைய காபித்தூள் பாட்டில்ல இருக்கு. மூடியை அழுத்தித் திருகணும்.

ஊரையே கேட்டதுக்கு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சொல்லியிருப்பேன். நானே வந்து எடுத்துக்கூடக் கொடுத்திருப்பேன். அதுக்காகத்தான் பெட்டியைப் பிரிக்காமலே வெச்சிருந்தேன். பேப்பர் பார்த்த பிறகு, துணியெல்லாம் அக்கா அலமாரியில அடுக்கிட்டேன்.

இப்படிக்கு,
உங்க துணுக்குல வர்ற மனைவி